கோழிக்கொட்டகைக் கூரை: கீற்றிலிருந்து தகடு வரை

கோழிக்கொட்டகைக் கூரை என்பது வளர்ப்புக் கோழிகளை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காக்க அமைக்கப்படும் மேல்மூடி ஆகும். தமிழ்நாட்டில் பனையோலை, தென்னங்கீற்று, விழல், சீமை ஓடு, கல்நார்த் தகடு, இரும்புத் தகடு ஆகியவை வெவ்வேறு காலங்களில் இதற்குப் பயன்பட்டுள்ளன. குளிர்நாடுகளில் கோழி வீட்டின் முதன்மையான உறுப்பு சுவர். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்திலுள்ள குயிலாப்பாளையம் போன்ற ஊர்களில் கூரைதான் வீடு. சுவர் முழங்கால் உயரம் இருந்தாலே போதும், மீதி இடத்தைக் கம்பிவலை அடைத்துவிடும். எனவே இந்தக் கூரையின் வரலாறு தமிழகக் கோழி வளர்ப்பின் வரலாற்றிலேயே ஒரு பெரும்பகுதி எனலாம்.

கோழியும் வெப்பமும்

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. உடலை இறகு மூடியிருப்பதால் கொண்டை, தாடி, கால் போன்ற இறகில்லாப் பகுதிகள் வழியாகவும், மூச்சு வழியாகவுமே அது வெப்பத்தை வெளியேற்ற முடியும். காற்றின் வெப்பம் 30 பாகையைத் தாண்டத் தொடங்கியதும் கோழி இறக்கையை உடலிலிருந்து விரித்துக்கொண்டு, வாயைத் திறந்து வேகமாக மூச்சு வாங்கும். தீனி எடுப்பது குறையும், தண்ணீர் குடிப்பது கூடும்.

இந்த மூச்சிரைப்புக்குப் பண்ணையாளர் கொடுக்கும் விலை முட்டையின் ஓட்டில் தெரியும். முட்டையோடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. வேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அதனால் ஓடு உருவாகத் தேவையான கார்பனேட் குறைந்து ஓடு மெலிகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் கையில் எடுத்தாலே நொறுங்கும் முட்டைகள் மிகுவதற்குத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்ததே காரணம் என்று பலரும் கருதி, கிளிஞ்சலை அள்ளிக் கொட்டுவார்கள். தவறு பெரும்பாலும் தலைக்கு மேலே இருக்கும்.

கொட்டகைக்குள் தொங்கவிட்ட வெப்பமானி காட்டும் எண் மட்டும் கோழியின் நிலையைச் சொல்லிவிடாது. சுட்ட கூரையின் அடிப்பக்கம் அடுப்பைப் போலக் கீழ்நோக்கி வெப்பத்தை வீசுகிறது. காற்று 36 பாகையாக இருக்கும் ஒரே நண்பகலில், கீற்றின் கீழுள்ள கோழி தாக்குப்பிடிக்கும், தகரத்தின் கீழுள்ள கோழி துவண்டுவிடும்.

கொடாப்பும் மரநிழலும்

கோழியின் முன்னோடியான காட்டுக்கோழி மூங்கில் புதரிலும் மரநிழலிலும் வாழும் பறவை. ஊரில் வளர்ந்த நாட்டுக்கோழியும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. பகலில் வேலியோரத்தில் மண்ணைப் பறித்துக் குளிர்ந்த குழியில் படுத்துக்கொள்ளும். இரவில் முருங்கையிலோ பூவரசிலோ ஏறி அடையும். குஞ்சுகளைக் காக்க மூங்கிலில் முடைந்த கொடாப்பு அல்லது பஞ்சாரம் இருந்தது. அதன் இடுக்குகள் வழியே எல்லாப் பக்கமும் காற்று புகும். நண்பகலில் அதை மரத்தடிக்கு நகர்த்திவிடலாம். பத்துக் கோழி வளர்த்த வீட்டில் கூரை என்ற கேள்வியே எழவில்லை, ஏனெனில் கோழி தனக்கான நிழலைத் தானே தேடிக்கொண்டது. அதை நாள் முழுவதும் அடைத்து வைக்கத் தொடங்கியபோதுதான் நிழல் தரும் பொறுப்பு மனிதனுக்கு வந்தது.

குளிர்நாட்டுப் பாடம்

இந்தியாவில் முறைப்படியான கோழிப் பண்ணைக்குத் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1912-இல் உத்தரப் பிரதேசத்தின் ஏட்டாவில் கிறித்தவ மிஷன் அமைத்த பண்ணை. தமிழகத்தின் வட மாவட்டங்களில் அமெரிக்க ஆற்காடு மிஷன் காட்பாடியில் நடத்திய வேளாண்மைக் கல்வி நிலையம் சீமைக்கோழி வளர்ப்பை ஊர்ப்புறத்துக்கு அறிமுகப்படுத்தியது. திண்டிவனமும் அந்த மிஷனின் நிலையங்களுள் ஒன்று.

இத்தாலியில் தோன்றி அமெரிக்காவில் மேம்படுத்தப்பட்ட வெள்ளை லெகான் கோழியோடு அதற்கான வீட்டின் படமும் புத்தகங்களில் வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் டெலாவேர் மாநிலத்தில் 1923-இல் சிசில் ஸ்டீல் என்ற பெண்மணி, கேட்ட 50 குஞ்சுகளுக்குப் பதிலாகத் தவறுதலாக வந்த 500 குஞ்சுகளை இறைச்சிக்கென வளர்த்ததிலிருந்து கறிக்கோழித் தொழில் அங்கே வேர்விட்டது. ஆனால் அந்நாட்டுக் கோழி வீடுகள் பனிக்காலத்தை நினைத்துக் கட்டப்பட்டவை. அடைத்த சுவர், தெற்கு நோக்கிய சன்னல், உள்ளே வெப்பத்தைத் தேக்கும் அமைப்பு ஆகியவை அங்கே தேவையானவை. இங்கே அவற்றை அப்படியே கட்டினால் கோழி வெந்துவிடும். சுவரை இடித்துத் திறந்த பக்கங்களாக மாற்றியதும், அகலத்தைக் குறைத்ததும், இறவானத்தை நீட்டியதும் இந்த மண்ணுக்கேற்பச் செய்யப்பட்ட திருத்தங்கள்.

இன்று தமிழக வேளாண் துறையினரும் கால்நடை மருத்துவர்களும் திறந்த கொட்டகைக்குச் சொல்லும் அளவுகள் இந்தத் திருத்தங்களின் பயனே. அகலம் 22 முதல் 25 அடிக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் நடுவிலுள்ள கோழிக்குக் காற்று எட்டாது. நீளம் இடத்துக்கேற்ப இருக்கலாம். கூரை பக்கச் சுவரைத் தாண்டி மூன்றரை அடியாவது நீண்டிருக்க வேண்டும். கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக அமைய வேண்டும். அப்போது காலை, மாலைச் சாய்வெயில் குறுகிய பக்கங்களில் மட்டுமே படும்.

இதில் ஒரு நுட்பம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. குயிலாப்பாளையம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 12 பாகை வடக்கே உள்ளது. ஏப்ரல் 20-க்குப் பிந்தைய நாள்களில் ஒருமுறையும், ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி மறுமுறையும் நண்பகல் சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வருகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், அதாவது அக்கினி நட்சத்திரம் முழுவதிலும், சூரியன் சற்று வடக்கே சாய்ந்தே செல்கிறது. தெற்குப் பக்கம் மட்டும் தாழ்வாரத்தை நீட்டி வடக்கைக் குறுக்கி விடுபவர்கள் கோடையில் ஏமாறுவது இதனால்தான். உச்சி வெயில் ஏறக்குறைய நேராக இறங்கும் இந்த அகலாங்கில் சுவரைக் காட்டிலும் கூரைமேல் விழும் வெயிலே மிகுதி.

கீற்றுக் கூரை

வானூர், மரக்காணம் கரையோரத்தில் கீற்றுக் கூரைக்கு வேண்டிய எல்லாமே கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. செம்மண் மேட்டில் பனை, முந்திரி. மணற்பாங்கான கரையில் சவுக்கு. கேணியோரத்தில் தென்னை. தூணுக்கும் கைமரத்துக்கும் சவுக்குக் கழி, குறுக்கே மூங்கில் வரிச்சு, கட்டுவதற்குத் தேங்காய்நார்க் கயிறு அல்லது பனைநார், மேலே கீற்றோ ஓலையோ. தென்னை மட்டையை இரண்டாகப் பிளந்து தண்ணீரில் ஊறப்போட்டு, பதம் வந்ததும் பின்னினால் கீற்று. ஊறாத மட்டையில் பின்னிய கீற்று விரைவில் நொறுங்கும், ஊறியது மிஞ்சினால் அழுகும்.

கீற்றுக் கூரை குளிர்ச்சி தருவதற்குக் காரணம் ஓலை மட்டுமன்று, ஓலைகளுக்கு இடையே அடைபட்டிருக்கும் காற்றும்தான். ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக் கட்டிய அடுக்குகளில் மேலடுக்கு வெயிலை வாங்கிச் சூடாகும். அந்தச் சூடு கீழடுக்குக்கு இறங்க அசையாத காற்று இடங்கொடாது. அதே வேளையில் கொட்டகைக்குள் எழும் வெப்பக்காற்று முகட்டுப் பக்கத்து இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறிவிடும். கூரையில் எடை குறைவு என்பதால் வெப்பத்தைத் தேக்கி வைக்காது, பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். காங்கிரீட் தளம் இதற்கு நேர்மாறானது. பகல் முழுவதும் வாங்கிய சூட்டை அது இரவில் கீழே இறக்கும். வீட்டுத் தளத்தின் கீழ் கோழி அடைப்பவர்கள், நள்ளிரவிலும் கோழிகள் வாய்பிளந்து நிற்பதைக் காண்பது இதனால்தான்.

ஆரோவில் நகரம் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்டபோது குயிலாப்பாளையத்தைச் சுற்றியிருந்த மேட்டுநிலம் மழையால் அரிக்கப்பட்டு மரம் குறைந்து கிடந்தது. ஊரை ஒட்டி எழுந்த ஆஸ்பிரேஷன் என்ற தொடக்ககாலக் குடியிருப்பிலும் கீற்றுக் கூரைகளே வேயப்பட்டன. வெளிநாடுகளிலிருந்து வந்தவர்களுக்குக் கூரை வேய்ந்து கொடுத்தவை உள்ளூர்க் கைகள். ஆரோவில்லில் வழங்கும் ஆங்கிலத்தில் ‘கீத்து’ என்ற சொல் அப்படியே தங்கிவிட்டது.

கீற்றின் குறைகளும் சிறியவை அல்ல. தென்னங்கீற்றை ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பனையோலை அதைவிட நாள் தாங்கும், ஆனால் மரமேறி வெட்டித் தர ஆள் வேண்டும். எலி குடியிருக்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும். உண்ணியும் செள்ளும் இடுக்கில் ஒளிந்துகொள்ளும். கோழிக்கு நோய் கண்டு கொட்டகையைச் சுத்திகரிக்கும்போது தரையைக் கழுவலாம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம், ஓலையைக் கழுவ முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தீ. குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 பாகை வெப்பம் தேவை என்பதால் அவற்றின்மேல் மின்விளக்கோ கரியடுப்போ வைப்பார்கள். கீற்றுக் கொட்டகையில் அந்த ஒரு விளக்கே போதும்.

ஓடும் தகடும்

பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவிய சீமை ஓடு, கீற்றுக்கும் தகட்டுக்கும் இடைப்பட்டது. ஓட்டுக்கு ஓடு இடைவெளி இருப்பதால் வெப்பக்காற்று வெளியேறும், தீப்பிடிக்காது. ஆனால் அதன் எடையைத் தாங்க நல்ல மரம் வேண்டும். ஆயிரம் கோழிக்குக் கொட்டகை போட நினைத்தவருக்கு மரச்செலவு கட்டுப்படியாகவில்லை.

நெளிவுள்ள இரும்புத் தகட்டுக்கு 1829-இல் லண்டனில் காப்புரிமை பெறப்பட்டது. துத்தநாகம் பூசியதும் அது துருவைத் தாங்கியது. ஊரில் அதற்குப் பெயர் தகரம். புதிய தகரம் பளபளப்பதால் வெயிலைத் திருப்பியனுப்பிவிடும் என்று தோன்றும். ஓரளவு திருப்பவும் செய்யும். ஆனால் பளபளப்பான உலோகம் தான் வாங்கிய வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. ஆகவே கையை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். துருவேறிய பின் வெயிலையும் திருப்பாது.

சிமெண்டோடு கல்நாரைக் கலந்து தகடு செய்யும் முறையை ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்று வெளியிட்டார். இந்தியாவில் 1934-இல் கைமோரில் இத்தகட்டுக்கான தொழிற்சாலை வந்தது. பின்னர் கோவைக்கு அருகே போத்தனூரிலும், அரக்கோணத்திலும் உற்பத்தி நடந்தது. தகரத்தைவிடச் சூடு குறைவு, துருப்பிடிக்காது, எரியாது, ஓட்டைவிட எடை குறைவு, விலையும் தாங்கக்கூடியது. கோழிப் பண்ணைகள் பெருகிய காலத்தில் கல்நார்த் தகடே கூரையாக வெற்றி பெற்றதில் வியப்பில்லை. அதன் நார்த்தூள் நுரையீரலுக்குள் சென்றால் புற்றுநோய் உண்டாகும் என்பதை உலக சுகாதார நிறுவனம் உறுதிபடச் சொல்லியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் அதை முற்றிலும் தடை செய்தது. இந்தியாவில் வெள்ளைக் கல்நார் இன்னும் விற்பனையில் உள்ளது. தகட்டை அறுப்பதும் துளையிடுவதும் உடைந்ததைக் கூட்டி அள்ளுவதும்தான் ஆபத்தான வேலைகள். பண்ணைகளில் இவற்றை முகக்கவசம் கூட இல்லாமல் செய்வது வழக்கமாகிவிட்டது.

நாமக்கல் வழி

நாமக்கல் வட்டாரம் முட்டை உற்பத்தியில் முன்னணிக்கு வந்தபோது கூரைக்குக் கீழே இருந்த கோழியும் மாறியிருந்தது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். புதிய வீரிய இனங்கள் 300-ஐத் தாண்டின. அந்த அளவுக்குத் தீனியை முட்டையாக்கும் உடல் அதற்கேற்ற வெப்பத்தையும் உண்டாக்கும். ஆக, வெப்பத்தை அதிகம் உண்டாக்கும் கோழியை, வெப்பத்தை அதிகம் இறக்கும் கூரையின் கீழ், முன்னைவிட நெருக்கமாக வைத்தார்கள்.

இதற்கு நாமக்கல் கண்ட விடை உயர்ந்த கொட்டகை. கூண்டுகளைத் தரையிலிருந்து ஆள் உயரத்துக்குத் தூக்கி மேடைமேல் வைத்ததால் எச்சம் கீழே விழுந்து காயும், அடியிலிருந்தும் காற்று புகும். 1985-இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அமைந்து விலையை ஒழுங்குபடுத்தியது. சத்துணவில் முட்டை சேர்ந்ததும் மாநிலத்துக்குள்ளேயே நிலையான தேவை உருவானது.

கறிக்கோழியில் கதை வேறு. 1990களில் கோவை, பல்லடம், உடுமலைப் பகுதிகளில் பரவிய ஒப்பந்த முறையில் குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவை நிறுவனத்தின் பொறுப்பு. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு ஆகியவை விவசாயியின் பொறுப்பு. வளர்ப்புக்கூலி கோழியின் எடையையும் இறப்பையும் பார்த்துக் கணக்கிடப்படும். மே மாதத்தில் ஒரு பிற்பகலில் கூரை சுட்டு நூறு கோழி செத்தால், அது வளர்த்தவரின் கூலியில் குறையும். கூரைக்கான கடனும் அவருடையதே. நல்ல கூரை யாருக்கு ஆதாயம், யார் தலையில் செலவு என்ற கேள்விக்கு இந்த ஏற்பாட்டில் சரியான விடை இன்றுவரை இல்லை.

கீற்று வெளியேறுதல்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்திலிருந்து எழுந்த தீ கீற்றுக் கூரையைப் பற்றி 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அதன்பின் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அந்த முடிவில் மறுபேச்சுக்கு இடமில்லை. ஆனால் பள்ளியோடு நிற்காமல், கீற்று என்றாலே ஆபத்து, ஏழ்மை என்ற எண்ணம் பொதுவாகப் பரவியது. 2010-இல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக மாற்ற முற்பட்டது. மக்களுக்கு அது நன்மை. வேயும் தொழிலாளிக்கு வேலை குறைந்தது, அடுத்த தலைமுறை அந்தக் கைவேலையைக் கற்கவில்லை.

2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் மீதியை முடித்தது. கீற்று பறந்தது, தகரமும் பறந்தது, கல்நார்த் தகடு நொறுங்கியது. கடலூர்ப் பக்கத்து முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. குயிலாப்பாளையத்தைச் சூழ்ந்து ஆரோவில்வாசிகளும் ஊர்மக்களும் நாற்பதாண்டுகளாக வளர்த்த காட்டிலும் ஏராளமான மரங்கள் விழுந்தன. மறுபடி கொட்டகை போட்டவர்கள் பெரும்பாலும் தகட்டையே நாடினர்.

தகட்டைக் கீற்றாக்குதல்

கீற்று தோற்றாலும் அதன் குணத்தைத் தகட்டுக்கு எப்படிக் கொடுப்பது என்பதே பண்ணையாளர்களின் கவலையாக இருந்து வருகிறது. கோடை பிறந்ததும் கல்நார்த் தகட்டின் மேல் கீற்றையோ வைக்கோலையோ கரும்புச் சோகையையோ பரப்புவது மிகப் பழகிய வழி. தகட்டுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கீற்றுத் தட்டி கட்டுவது இன்னொன்று. இந்த இடைவெளியின் இரு முனைகளையும் திறந்து வைத்தால்தான் சூடான காற்று வெளியேறும், அடைத்துவிட்டால் பாதிப் பயன் போய்விடும். கூரைமேல் தெளிப்பான் வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதும், பக்கவாட்டில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுவதும், உள்ளே நுண்புகையாய்த் தண்ணீரைப் பீய்ச்சுவதும் நாமக்கல்லில் நன்றாக வேலை செய்யும். அங்கே கோடைப் பிற்பகலில் காற்று வறண்டிருப்பதால் தண்ணீர் விரைவில் ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும்.

குயிலாப்பாளையத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கடல் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நண்பகலுக்குப் பின் கடற்காற்று வந்ததும் வெயில் தணியும், ஆனால் காற்றில் ஈரம் ஏறிவிடும். ஈரக்காற்றில் தண்ணீர் ஆவியாவது குறைவு. உள்ளே பீய்ச்சிய தண்ணீர் தரையில் பரப்பிய மல்லாட்டைத் தோலை நனைத்து அம்மோனியா நாற்றத்தைக் கிளப்பும், கோழியின் கண் எரியும். மேல்காற்று பலமாக வீசும் சில நாள்களில் கடற்காற்று உள்ளே நுழைவது தாமதமாகும். வெப்பம் 40 பாகையை எட்டுவதும் கோழிகள் கூட்டமாகச் சாவதும் அந்த நாள்களில்தான். திண்டிவனம் பக்கம் இத்தகைய நாள்கள் இன்னும் மிகுதி. கரையோரத்தில் தண்ணீரைவிட நிழலையும் காற்றோட்டத்தையும் நம்புவதே சரி.

சுவரை அடைத்து, ஒரு முனையில் ஈரத் தட்டிகளும் மறுமுனையில் பெரிய மின்விசிறிகளும் பொருத்திய குளிரூட்டிய கொட்டகைகளும் தமிழகத்துக்கு வந்துவிட்டன. மின்சாரம் நின்றால் அவற்றில் சில நிமிடங்களே அவகாசம். 2012-இல் மாநிலம் கண்ட நீண்ட மின்வெட்டு, மின்னாக்கி இல்லாதவருக்கு அவை ஏற்றவையல்ல என்று காட்டியது.

நூறு, இருநூறு நாட்டுக்கோழி வளர்ப்பவருக்கு மரமே மலிவான கூரை. கொட்டகைக்கு மேற்கே வேம்போ பூவரசோ நட்டு, அடிக்கிளைகளை ஆள் உயரத்துக்கு மேல் கழித்துவிட்டால் நிழலும் கிடைக்கும், காற்றும் தடைபடாது. முந்திரி இதற்குப் பொருந்தாது, தாழ்ந்து படர்ந்து காற்றை மறிக்கும். கூரைமேல் சுரைக்கொடி ஏற்றுவதும் ஊரறிந்த பழக்கம்தான். ஆனால் ஆடிப்பட்டத்தில் விதைத்த சுரை கார்த்திகைக்குள் காய்த்து ஓய்ந்துவிடும். கோடை நிழலுக்குத் தையில் விதைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

எதுவும் முடியாதவர்களுக்கு எஞ்சுவது சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பில் பசை கலந்து தகட்டின் மேற்புறத்தில் கெட்டியாக இரண்டு பூச்சு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிவிடும். மார்ச் முதல் வாரத்தில், கோழி வெயிலை உணர்வதற்கு முன்பே அடிக்க வேண்டும். தகட்டின்மேல் பலகை போட்டு அதில் கால் வைத்தே ஏற வேண்டும், கல்நார்த் தகடு ஆள் எடையைத் தாங்காது. ஐப்பசி மழையில் பூச்சு கரைந்து ஓடிவிடும். அடுத்த மார்ச்சில் மறுபடியும் அடிக்க வேண்டியிருக்கும்.